அன்னையின் அடிமை

அடிமை என்னும் சொல் எவர்க்கும் கசக்கும். ஆயினும் அதனை விரும்பி ஏற்றார் ஒருவர். கோவாவில் 1651ஆம் ஆண்டு பிறந்த யோசேவாஸ் அடிகளார், 1677 ஆகஸ்டு 5ஆம் நாள், தம்மை மரியன்னையின் நிரந்தர அடிமையாக எழுதிக் கையொப்பமிட்டார்.

அவ்வெழுத்து ஏட்டோடு நின்றதா? இல்லை. அந்நாளில் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்திருந்தனர். அடிகளாரோ 1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, எளிய கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுதோறும் பிச்சை ஏற்றார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரே தம் மறையினர் எனத் தெளிந்தார். பகைவரிடம் காட்டிக் கொடுக்கவும் அம்மாலையே போதும், அஃதறிந்தும் அணிந்தார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவிற்று. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளார் சமயம் பாராது அவர்களுக்கு உணவூட்டிப் புண் கழுவினார். தாய்க்கு அடிமையானவன் அவள் மக்கள் அனைவர்க்கும் ஏவலன் அன்றோ!

1711இல் கண்டியிலேயே மறைந்த அவர், 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பெற்றார். எழுதித் தந்த ஒரு சொல்லை 33 ஆண்டுகள் காத்தார் அவர். சொன்ன சொல்லைச் செயலில் காப்பதே பக்தி. அதனை எச்சமயத்து மாணவரும் அவரிடம் கற்கலாம்.