மில்லேயின் வயல்: தலைமை உரை



கிராம வாழ்வை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லேயைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். 1814இல் நார்மண்டிக் கடலோரச் சிற்றூரான கிரூஷியில் உழவர் வீட்டில் பிறந்தார். தந்தையோடு வயலில் உழைத்தார். 1837இல் உதவித்தொகை பெற்றுப் பாரிஸ் போனார். 1849இல் பார்பிசோன் சிற்றூரில் குடியேறி, 1875இல் அங்கேயே இறந்தார். மற்ற விவரங்களைக் கட்டுரையாளர்கள் சொல்வார்கள். நான் ஒரே ஓவியத்தோடு நின்றுகொள்கிறேன்.

1857இல் அவர் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’. அறுவடை முடிந்த கோதுமை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை அந்நாட்டு ஏழைகளுக்கு அன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டியிருந்தது. படத்தில் மூன்று பெண்கள். இருவர் குனிந்திருக்கிறார்கள், ஒருத்தி பாதி நிமிர்ந்திருக்கிறாள். முகங்கள் நிழலில். குனிந்தவர்களில் ஒருத்தி பொறுக்கிய தாள்களை ஒரு கையில் பிடித்து முதுகுப்புறம் வைத்திருக்கிறாள். இடுப்பொடிய வேலை செய்தவர்களுக்கு அந்தக் கை ஏன் அங்கே போனது என்று விளக்க வேண்டியதில்லை. தொலைவில் வெயில் குளித்த போர்களும் வண்டியும். வலப்பக்கம் குதிரைமேல் கண்காணி. விளைச்சல் எல்லாம் அந்தப் பக்கம். குனிந்த உடல்களை மில்லே அடிவானக் கோட்டுக்கு மேலே எழவிடவில்லை.

பிரான்சில் 1848 புரட்சி நடந்து பத்தாண்டுகூட ஆகாத காலம். இந்தப் பெண்களுக்குப் பின்னால் கலகக்காரர்களின் ஈட்டிகள் தெரிவதாக ஒரு விமர்சகர் எழுதினார். இரண்டே ஆண்டில் ஓவியர் ழூல் பிரெத்தோன் இதே வேலையை வரைந்தார். அவருடைய பெண்கள் நிமிர்ந்து, அந்தி வெளிச்சத்தில் அழகாக வீடு திரும்புகிறார்கள். அதைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே வாங்கினார். பிரெத்தோன் திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேலை முடிந்துவிட்டது. மில்லேயின் படத்தில் முடியவில்லை. அரண்மனைக்கு எது பிடிக்கும் என்பதில் வியப்பென்ன?

இன்னொன்று. மில்லே பெரும்பாலும் வயலில் நின்று வரைந்தவர் அல்லர். ஓவிய அறையில் நினைவிலிருந்து வரைந்தவர். அவரை யதார்த்தவாதி என்று சொல்வதற்கு இது இடையூறு என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்வெட்டியின் கனம் கண்ணுக்குத் தெரிவதில்லை, தோளுக்குத்தான் தெரியும். அவர் தோளுக்கு அது தெரிந்திருந்தது. வான்கோ 1889–90இல் சாந்த் ரெமி மருத்துவமனையில் இருந்தபடி மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுகளிலிருந்து தம் வண்ணங்களில் மீண்டும் தீட்டினார். வண்ணம் இல்லாமலும் அந்த உடலசைவு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மில்லே என்றதும் வறுமையில் வாடிய பக்திமான் என்ற சித்திரம் வந்துவிடுகிறது. நண்பர் அல்பிரெட் சான்சியே எழுதிய வாழ்க்கை வரலாறு அதைப் பரப்பியது. மில்லேயின் ‘மாலை மணி’ ஓவியம் 1889 ஏலத்தில் 5,53,000 பிராங்குக்குப் போன கதையும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, அவருடைய கோட்டோவியங்களையும் 1860களின் பாஸ்டல் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை படிப்பவர்கள் ஒவ்வொரு படத்திலும் என்ன வேலை நடக்கிறது, எந்தக் கருவியால், யாருடைய நிலத்தில் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.