பந்தியில் வேற்றுமை வேண்டாம்

(ஆலய அன்னதான உபய நாளன்று ஆற்றிய உரை)

 

அன்னதானத்தின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். என்ன உண்கிறோம் என்பதைக் காட்டிலும், யாருடன் அமர்ந்து உண்கிறோம் என்பதே ஒரு சமுதாயத்தின் குணத்தைக் காட்டும். ஒரு நாட்டின் அரசியலைக்கூடப் பந்தி அசைத்துவிடும். பள்ளியில் வரலாறு போதித்தவன் என்பதால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1922இல் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். லண்டனுக்குச் சட்டம் படிக்கச் சென்று, விடுதலை வீரராகத் திரும்பியவர் அவர். நாட்டுப்பற்று மிக்க இளைஞர்களை உருவாக்குவதே அவர் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனால் அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியாக உணவு பரிமாறப்பட்டது. பெற்றோரின் விருப்பம் என்று காரணம் சொல்லப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப் பந்தியா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எதிர்த்தனர். 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில், பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் ஏற்கப்படாமல் போகவே, ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கே மாறியது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டு இலை.

அந்த வேற்றுமை நம்மவரோடு கப்பலேறி இங்கும் வந்தது. எனக்கு ஏழு வயதிருக்கும். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த வகுப்புத் தோழனை எழுப்பி, "நீ கடைசிப் பந்தி" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். பாயசம் வரை சாப்பிட்டேன். அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டபாடில்லை.

இன்று நம் ஆலயத்தில் சாதிப் பந்தி இல்லை. அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் பெரிய உபயகாரர்களுக்குத் தனி அறையில் விருந்து வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்துள்ளது. நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைதான். இருப்பினும், சாதி எழுந்துபோன இடத்தில் பணத்தை உட்கார வைக்கலாமா?

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி போடுவோம். எனக்கே அது தேவைப்படுகிறது. ஆனால் அந்த நாற்காலி இதே மண்டபத்தில் இருக்கட்டும். உபயகாரர்களை மேடையில் அழைத்து மாலை அணிவிப்போம். இலை போட்ட பின், அரிசி மூட்டை கொடுத்தவரும் வெறுங்கையோடு வந்தவரும் ஒரே வரிசையில் அமரட்டும்.

தனி அறையே வேண்டாம் என்று உபயகாரர்களாகிய நீங்களே சொல்லுங்கள். அதுவே இவ்வாண்டு நீங்கள் வழங்கும் பெரிய உபயமாக இருக்கும்.