ஈரத்தை மறைக்காதீர்கள்

 

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் விலை பெரிதும் உயர்ந்தது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியும், பாவித்த காரே பலருக்கு எட்டுகின்றது.

முதன்முறையாக வாங்கும் வாலிபரே! வர்ணத்தில் மயங்காதீர்கள். இறக்கக்கண்டியின் உப்புக்காற்று அடிப்பாகத்தையே அரிக்கும், குனிந்து பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அக்கடன் தீராமல் பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவரே! தானியக் குவியலுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவினார்கள். நீங்கள் மறைக்கும் பிரேக் பழுதும் அந்த ஈரமே. அக்காரில் ஏறப்போவது இன்னொருவரின் பிள்ளைகள். சொல்லி விற்றால் விலை குறையலாம், பரக்கத் குறையாது.