ஒரு பிள்ளைக்கு மூன்று பேர், ஒரு குதிரை

(சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோருக்காக நமது அறநிறுவனம் சிங்கப்பூரில் நடத்திய சந்திப்பில், தொண்டூழியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





சிகிச்சைக்காகக் குதிரையேற்றம் கற்றுத் தரும் ஒரு லாயத்துக்குக் கடந்த ஓராண்டாகச் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் எட்டுப் பேர் போய் வருகிறோம். அங்கே கண்டதையும் கற்றதையும் உங்களிடம் சொல்லுமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு முன் எங்களில் ஒருவர்கூடக் குதிரையைத் தொட்டதில்லை. ஆகவே வல்லுநர்களாக அல்ல, உதவிக்குப் போனவர்களாகவே பேசுகிறோம்.

குதிரைமேல் உட்காருவது எப்படிச் சிகிச்சையாகும் என்று முதலில் நாங்களும் கேட்டோம். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் அசைகிறது. நடக்க முடியாத பிள்ளை குதிரைமேல் அமரும்போது, நடப்பவரின் அசைவு அந்த இடுப்புக்குக் கிடைக்கிறது. விழாமல் நிமிர்ந்திருக்க முதுகும் வயிறும் தாமாகவே வேலை செய்கின்றன. இறுகிக் கிடக்கும் தொடைகள் குதிரையின் உடல் சூட்டிலும் அகலத்திலும் மெல்லத் தளர்கின்றன.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்மணிக்கு 1944-இல் இளம்பிள்ளை வாதம் வந்தது. முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. பிறர் தூக்கிவிட்டால்தான் குதிரைமேல் ஏற முடியும். அப்படிப்பட்டவர் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அந்த வெற்றி பல நாடுகளில் இந்தப் பணிக்குத் தூண்டுதலாயிற்று. பிரிட்டனில் 1969-இல் இதற்கென்றே ஒரு தேசியச் சங்கம் உருவானது. சிங்கப்பூரில் இந்தப் பணி 1982-இல் தொடங்கியது. நம் நாட்டின் லாரன்ஷியா டான் பெருமூளை வாதமும் செவித்திறன் குறைபாடும் உள்ளவர். சிறுவயதில் சிகிச்சையாகக் குதிரையேறத் தொடங்கிய அவர், 2008-இல் பெய்ஜிங் பாராலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார்.

பதக்கக் கதையைக் கேட்டு, நம் பிள்ளையும் நாளைக்கே எழுந்து ஓடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் குழுவில் உள்ள ஒரு தாயாரின் மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதத்தால் அவனுடைய கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். முதல் நாள் குதிரையைப் பார்த்ததும் அலறினான். மூன்று வாரம் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்ததோடு சரி. இன்றும் அவன் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். ஆனால் மைதானத்தை ஒரு சுற்று முழுவதும் எங்கள் கை படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறான். அதைப் பார்க்க வந்த அவனுடைய நன்னி, "எப்பவும் கீழேயிருந்து எல்லார் முகத்தையும் அண்ணாந்து பார்க்கிற பிள்ளை. இன்னைக்கு நாம அவனை அண்ணாந்து பார்க்கிறோம்" என்றார். எங்களால் பேச முடியவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஏற்றதல்ல. கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தாலோ, இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ ஏறுவது ஆபத்தாகலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு உறுதியாக இருக்காது. ஆகவே மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம்.

இனி குதிரைகளைப் பற்றி. இந்த வேலைக்கு வேகம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். அதனால் வயது முதிர்ந்த, பல ஆண்டு பழகிய குதிரைகளே பெரும்பாலும் இருக்கின்றன. சக்கர நாற்காலி அருகில் வந்தாலும், பிள்ளை திடீரென்று கத்தினாலும், பந்து உருண்டாலும் மிரளாதபடி பழக்குகிறார்கள். ஆனாலும் குதிரை குதிரைதான். அதன் பின்னால் போய் நிற்கக் கூடாது; தோள்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும். காதைப் பின்னால் மடக்கினால் அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள். ஒரு நாளில் இத்தனை முறைதான் என்று அளவு வைத்து, அதற்கும் ஓய்வு தருகிறார்கள். வேலை முடிந்ததும் குளிப்பாட்டி நிழலில் கட்டிவிட்டுத்தான் நாங்கள் வீட்டுக்குக் கிளம்புவோம். வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் உபகாரத்துக்கும் நற்கூலி உண்டு என்பது நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தது.

எங்கள் தவற்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் எங்களில் ஒருவரின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியில் பாங்கு ஓசை பெரிதாக ஒலித்தது. குதிரை சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்தது. கயிறு பிடித்தவர் அசையாமல் நின்றார். இரு பக்கமும் இருந்தவர்கள் பிள்ளையின் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கைப்பேசிகளைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்குள் போகிறோம். மூன்று பேர் எதற்கு என்பதும் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

தாய்மார்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று: லாயத்துக்குப் போன உடையோடு தொழலாமா? ஆலிம்சாவிடம் கேட்டோம். குதிரையின் வியர்வை பட்டால் உடை அசுத்தமாகாது, லத்தி பட்டிருந்தால் கழுவிக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் மாற்றுடை ஒன்று கொண்டு போகிறோம்.

கடைசியாக, நாங்கள் இங்கே வந்ததன் காரணம். ஒரு பிள்ளை குதிரையேறக் கயிறு பிடிக்க ஒருவர், பக்கத்துக்கு ஒருவராக இருவர், ஆக மூன்று பேர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அந்தப் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். ரமளானுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, எங்களில் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். வரவில்லை என்று முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்த சிறுமி ஏறாமலே வீடு திரும்பினாள். யார்மீதும் அவள் கோபப்படவில்லை. அதுதான் எங்களை இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே இளைஞர்களே, ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மாதம் இரண்டு சனிக்கிழமை என்றாலும் சொன்ன நாளில் தவறாமல் வாருங்கள். குதிரையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கற்றுக்கொடுப்பார்கள்.

பெற்றோர்களே, விருந்தினர் வந்தால் பிள்ளையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. நாங்கள் குறை சொல்லவில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்று தெரியும். ஒரு காலை மட்டும் பிள்ளையை அழைத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள். ஏற வேண்டாம், குதிரையைத் தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் நாங்கள் நிற்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.