நாரும் குடற்பிணியும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பார்க்கு மருத்துவப் பொருளில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் ஐயுறலாம். யாம் மருத்துவரல்லோம், மருந்து சொல்ல வந்தோமும் அல்லோம். சொல்லின் பொருளை ஆராய்வது எம் தொழில். ஒரு சொல்லின் மயக்கத்தாலேயே நம்மவர் சிலர் வயிற்றுநோய் மிக்கு வருந்துவதைக் கண்டமையால் இங்கே நின்று பேசத் துணிந்தோம். அச்சொல் 'நார்' என்பதாம்.

முதற்கண் நோயினைக் கூறுவாம். வயிற்றில் வலி உண்டாகும். மலங்கழித்தலோடு அது தணியும், அல்லது மிகும். சில நாள் பேதி, சில நாள் சிக்கல், பல நாள் பொருமல். இரத்தத்தைச் சோதித்தாற் குற்றமில்லை. குழாய் செலுத்திக் குடலைப் பார்த்தாற் புண்ணில்லை. இதனை ஐ.பி.எஸ். என்று மருத்துவர் சுருக்கி வழங்குவர். 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ரோம் வரையறையின்படி, நோய் தொடங்கி ஆறு திங்களேனும் கழிந்து, கடந்த மூன்று திங்களாக வாரத்திற்கு ஒருநாளேனும் வலி இருத்தல் வேண்டும். குடலுக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தொடர்பு பிறழ்தலே இதன் இயல்பு என்பர். இந்நோய் உயிரைக் கொள்வதன்று. ஆயினும் வாழ்வைச் சுருக்குவது. பேருந்தில் ஏற அஞ்சுவாரும், மணவீட்டிற் பந்திக்கு அமர நாணுவாரும் நம் தெருக்களிலேயே உளர். சோதனையில் ஒன்றும் காணாமையால், "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். அச்சொல் நோயினும் கொடிது.

எமக்கு உறவினராகிய இளைஞர் ஒருவர் இந்நகரிற் கடை வைத்திருப்பவர். நார்ச்சத்து வயிற்றுக்கு நன்று என்று நண்பர் கூறக் கேட்டு, கோதுமைத் தவிட்டை மோரிற் கலந்து நாள்தோறும் பருகத் தொடங்கினார். வலி மிகுந்தது. மிகுந்ததைக் கண்டு, நார் போதவில்லை போலும் என்று தவிட்டை இருமடங்காக்கினார். மூன்று திங்கள் இவ்வாறு கழிந்தன. நண்பர் பொய் சொன்னாரல்லர். பாதி உண்மையைச் சொன்னார்.

அப்பாதி உண்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. உகாண்டா நாட்டில் நெடுங்காலம் பணிபுரிந்த டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர், நார் மிகுந்த உணவுண்ணும் அந்நாட்டு மக்களிடத்தில் மேல்நாட்டாரின் குடல்நோய்கள் பல அரியவாயிருத்தலைக் கண்டு, 1970களில் நாரின் பெருமையை உலகெங்கும் பரப்பினார். அக்காலந்தொட்டு, குடல் என்றாலே தவிடு என்றாயிற்று. ஐ.பி.எஸ். உடையார்க்கும் மருத்துவர் பலர் தவிட்டையே விதித்தனர். பின்னர் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் இருவர் தம்பால் வந்த நோயாளர் நூற்றுவரை உசாவி, 1994இல் 'லான்செட்' இதழில் எழுதினர். தவிட்டால் நோய் மிகுந்ததென்றார் நூற்றுக்கு 55 பேர். நலம் பெற்றோம் என்றார் 10 பேரே. 2009இல் நெதர்லாந்து நாட்டார் 275 நோயாளரை மூன்று பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு இசப்கோலும், ஒரு பகுதியார்க்குத் தவிடும், எஞ்சியோர்க்கு வெறும் அரிசிமாவும் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தனர். இசப்கோல் உண்டார் பலர் தேறினர். தவிடுண்டாருள் நோய் மிகுதலால் இடையே விட்டவர் பலர். இசப்கோல் அயல்நாட்டுச் சரக்கன்று. குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் விளைவது. விதையின் வடிவு நோக்கிப் பாரசீகர் இட்ட 'குதிரைச் செவி' என்னும் பெயரே திரிந்து இவ்வாறாயிற்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாதெனின், நார் என்பது ஒரு பொருளன்று. நீரிற் கரைந்து கூழ்போலாவது ஒன்று. கரையாது சக்கையாய் நிற்பது மற்றொன்று. இசப்கோல் நீரை ஏற்றுக் குழைந்து, இளகிய மலத்தை இறுகச் செய்யும். இறுகியதை இளகச் செய்யும். குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மிகுதியாகப் புளிக்கச் செய்யாமையால் வாயுவும் குறைவு. தவிடோ, எளிதில் நோவுறும் குடலை உராய்ந்து தூண்டுவது. வெண்டைக்காயின் கொழகொழப்பையும், பனங்கிழங்கைக் கிழிக்குங்கால் பிரியும் இழையையும் நினைத்துப் பார்ப்பின் இரண்டும் விளங்கும். பனங்கிழங்கை யாம் பழிக்கின்றோமல்லோம்; பொங்கற் காலத்தில் அதனை விடுத்து இக்கரையில் வாழ்வதெங்ஙனம்? நோயில்லார் தாராளமாக உண்க. வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாரேனும் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இற் கூறியுளது. நோயுற்றார்க்கு மாத்திரமே இந்தப் பிரிவினை இன்றியமையாதது.

பிரித்தானியக் குடலியல் மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நெறிமுறையில், கரையும் நாரை நாளொன்றுக்கு 3 அல்லது 4 கிராம் என்ற சிற்றளவில் தொடங்கி, மெல்ல மெல்ல உயர்த்துக என்றும், தவிடு போன்றவற்றை விலக்குக என்றும் கூறினர். அமெரிக்கக் குடலியல் மருத்துவர் சங்கமும் அவ்வாண்டே கரையும் நாரையே பரிந்துரைத்தது. முதல் நாளே மூன்று கரண்டி விழுங்குவார் பொருமலால் வருந்தி மறுநாளே விட்டுவிடுவர்.

நீரைப் பற்றி ஒரு சொல். இசப்கோலை உலர்ந்தபடி விழுங்கின் தொண்டையிலேயே பருத்து அடைக்கும். நிறைந்த ஒரு குவளை நீரோடு உடனே பருகுதல் வேண்டும். விழுங்குதற்கு இடர்ப்படுவாரும், குடலடைப்பு உடையாரும் அதனைத் தொடுதலாகாது. நம் உப்பளங்களில் வெயிலில் உழைக்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லாமையால் பகலெல்லாம் நீரருந்தாதிருக்கின்றனர். அவர்க்கு நாரை மட்டும் கொடுத்தாற் சிக்கல் தீருமா? கழிப்பிடம் அமைத்துக் கொடுப்பதே அங்கு முதல் மருந்து. உப்பளம் உடைய பெரியோர்கள் இச்சபையில் இருத்தலின் இதனைச் சொல்லி வைத்தோம்.

இவையெல்லாம் நோய் இன்னதென்று துணிந்த பின்னரே. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை, காய்ச்சல், உறக்கத்தினின்று எழுப்பும் பேதி, ஐம்பது வயதிற்குமேற் புதிதாய்த் தோன்றிய மாறுதல், குடும்பத்திற் குடற்புற்று இருந்தமை ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் நாரைப் பற்றிய பேச்சையே விடுத்து மருத்துவரிடம் விரைக. நம் நாட்டிற் குடலைப் பற்றும் காசநோயும் இவ்வாறே மறைந்து வரும். இரத்தத்தைக் கண்டவுடன் "மூலம்" என்று தாமே பெயரிட்டுத் திங்கள் பல கழிப்பது நம்மவர் வழக்கம். நாணமே அதற்குக் காரணம். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரேனும் இல்லை என்பதை யாம் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டுவதுண்டு. நோயையும் அதன் காரணத்தையும் அறிதலே அங்கு முன்னிற்கின்றது.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு முதலியவற்றை விலக்கும் முறை ஒன்றும் இக்காலத்து வழங்குகின்றது. மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தார் கண்டது அது. சில வாரம் விலக்கி, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, தமக்கு ஒவ்வாதது எதுவென்று கண்டு, அதனை மட்டும் நீக்குவதே அம்முறை. நம்மவரோ முதற்படியிலேயே நின்று, எல்லாவற்றையும் என்றும் விலக்கி மெலிகின்றனர். உணவியல் அறிந்தார் துணையின்றி அதிற் புகற்க.

மருத்துவரைக் காணப் போவார், 2000ஆம் ஆண்டில் தோன்றிய நம் நகரத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லினும், வேறிடம் செல்லினும், இரண்டு வாரத்து உணவையும் வலியையும் மலப்போக்கையும் ஓர் ஏட்டிற் குறித்துச் செல்க. "எவ்வகை நார், எவ்வளவு, எத்தனை வாரம், பயனில்லையேல் அடுத்து யாது?" என்று கூசாது வினவுக. உண்டுவரும் மருந்து அனைத்தையும், நாட்டுமருந்து உட்பட, பையோடு எடுத்துச் செல்க. நீரிழிவிற்குக் கொடுக்கும் மெட்பார்மின் பேதியை உண்டாக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சிக்கலை உண்டாக்கலாம். எம் உறவினர் பையைத் திறந்து காட்டியபோது மருத்துவர் முதலில் எடுத்து அப்புறம் வைத்தது தவிட்டுப் பொட்டலத்தையே.