முதுமையும் மனக்கவலையும்

அரசினர் வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவு. விடியுமுன்னரே வந்து இலக்கத்துண்டு பெற்ற மூதாட்டி ஒருத்தி வாங்கிலே அமர்ந்திருக்கிறாள். முறை வந்ததும், "ஐயா, தலை இடிக்குது, நித்திரை வருகுதில்லை, சாப்பாட்டிலை மனமில்லை" என்கிறாள். வைத்தியர் இரத்த அழுத்தத்தை அளந்து மருந்தெழுதுகிறார். கணவன் மறைந்து எட்டு மாதமாயிற்று என்பதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னே நீண்ட வரிசை காத்து நிற்கின்றது.

நேயர்களே, இக்காட்சி நம் நாட்டிலே அரிதன்று. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியவர்கள். அவருட் பலர் மனத்தின் துன்பத்தை உடலின் மொழியிலேயே உரைக்கின்றனர். நெஞ்சுவலி என்றால் வீட்டார் விரைந்து வருவர், மனவலி என்றாலோ, "இந்த வயதிலே என்ன கவலை?" என்று கேட்டுவிடுவர். பைத்தியம் என்று பிறர் எண்ணுவரோ என்ற அச்சமும் வாயை அடைக்கின்றது.

கவலை யாவும் நோயல்ல. மருந்துச் செலவும், மங்கும் பார்வையும், பிள்ளைகளுக்குப் பாரமாவோமோ என்ற எண்ணமும் முதுமையோடு வருவன. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக மனச்சோர்வு நீங்காதிருந்தால், முன்பு விரும்பிய பூந்தோட்டமும் கோயிலும் பேரப்பிள்ளையின் மழலையும் சுவையற்றுப் போனால், அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தியாகும். அதனை முதுமையின் இயல்பென்று தள்ளிவிடலாகாது.

இதனை அறிவதற்கு அமெரிக்க மருத்துவர் யெசவேஜும் அவருடன் பணியாற்றியோரும் 1983இல் முதியோருக்கென முப்பது வினாக்களை வெளியிட்டனர். 'ஆம்', 'இல்லை' என்பனவே விடைகள். பசியையும் நித்திரையையும் பற்றிய வினாக்கள் அதிலே இல்லை. அவை உடல் நோயாலும் கெடக்கூடும் அன்றோ? வாழ்க்கையில் நிறைவுண்டா, நம்பிக்கையுண்டா என்பவற்றையே அது வினவுகின்றது.

எனினும் உடலைச் சோதியாது விடுதலும் தவறு. தைரொயிட் சுரப்பியின் குறைபாடும், சில மருந்துகளும் மனச்சோர்வை உண்டாக்கலாம். மறுபுறம், சோர்ந்த மனத்தினர் நீரிழிவு மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாது விடுவதால் உடல்நோயும் முற்றுகிறது. மனச்சோர்வுக்கு மருந்து தரப்பட்டால் அது பயன்தரச் சில வாரங்கள் செல்லும். வைத்தியரைக் கேளாது இடையிலே நிறுத்தலாகாது.

வீட்டார் செய்யக்கூடியது யாது? வைத்தியசாலைக்கு உடன் செல்லலாம். நித்திரை கெட்ட நாளையும் நேர்ந்த இழப்பையும் ஒரு தாளிலே குறித்துக் கொடுக்கலாம். "இருந்தென்ன பயன்?" என்று முதியவர் கூறின், அதைப் புலம்பலென்று ஒதுக்காது, சாகவேண்டும் என்ற எண்ணம் உண்டா என நேராகவே கேட்கவேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

அந்த மூதாட்டி அடுத்த மாதமும் அதே வாங்கிலே அமர்வாள். அப்போது அருகிலே ஒரு மருமகளோ, அயல்வீட்டுப் பிள்ளையோ இருந்து, "அம்மா, மாமா போனதையும் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ" என்று சொன்னாற் போதும். நோயின் பாதி அன்றுதான் வைத்தியரின் காதுக்கு எட்டும்.