கன்றுக்குட்டி செய்த பாவம் என்ன?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி பூச்சி மருந்தைப் பற்றியதாகும். கடவுளைப் பற்றி ஏதாவது சொல்லுவார்கள் என்று எண்ணி வந்தவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். அவரும் நடுவில் வந்துதான் தீருவார்.

கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு ஜில்லா இருக்கின்றது. அங்கே அரசாங்கத்தைச் சேர்ந்த தோட்டக் கார்ப்பரேஷனுக்கு ஏறத்தாழ 4,700 ஹெக்டேரில் முந்திரித் தோப்புகள் உண்டு. முந்திரியின் தளிரையும் பூவையும் தேயிலைக் கொசு என்னும் பூச்சி உறிஞ்சிக் கெடுக்கின்றது என்பதற்காக, 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டு எண்டோசல்பான் என்ற விஷத்தைத் தெளித்தார்கள். தோப்பு மேட்டிலே, வீடும் கிணறும் ஓடையும் பள்ளத்திலே. மேலிருந்து கொட்டியது எங்கே வந்து சேரும் என்று அறிய சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. (கொல்லுகிற சரக்குக்கு "மருந்து" என்று பெயர் வைத்தானே, அவன் கெட்டிக்காரன்!)

முதலில் சாட்சி சொன்னவை வாயில்லாப் பிராணிகளே. 1979-இல் பத்ரே என்னும் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் மூன்று கன்றுகள் கால் கோணி, வளர்ச்சி குன்றிக் காணப்பட்டன. ஸ்ரீபத்ரே என்ற பத்திரிகைக்காரர் அதைத் தெளிப்போடு சேர்த்துப் பார்த்து 1981-இல் எழுதினார். அதைப் படித்துத் தெளிப்பை யாரும் நிறுத்தவில்லை. பின்னால் மனிதக் குழந்தைகளும் மூளை வளராமலும், வலிப்போடும், கைகால் முடங்கியும் பிறக்கக் கண்டார்கள்.

ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஜடாதாரி என்னும் தெய்வத்தின் கோபம் என்றார்கள்! பெற்றவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை வெளியில் காட்டவும் வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. படித்தவனும் பணக்காரனும் அவர்களுக்கு வேறு காரணம் சொல்லிக் கொடுக்கவில்லையே! ஆனால் ஒன்று கேட்கின்றோம். பூர்வ ஜென்ம பாவம் என்றால், கன்றுக்குட்டி எந்த ஜென்மத்தில் எந்தக் கோவில் சொத்தைத் திருடிற்று? ஜடாதாரிக்குக் கோபம் வந்ததென்றால், முந்திரிக்கொட்டையை விற்றுப் பணம் சேர்த்தவனை விட்டுவிட்டுத் தோப்பின் ஓரத்துக் கூலிக்காரன் பிள்ளைமேல் ஏன் பாய வேண்டும்? சாபம் என்ற வார்த்தையால் லாபம் அடைந்தவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். சாமியின்மேல் பழி இருக்கும்வரையில் ஹெலிகாப்டர்மேல் பழி வராது. இருபது வருஷத்துக்கு மேல் தெளித்தவர்களுக்கு ஜடாதாரி செய்த உபகாரம் இதுதான்.

விஷம் செய்கிற வேலையில் அதிசயம் ஒன்றுமில்லை. நரம்பின் துடிப்பை அடக்கி நிறுத்துவதற்கென்று உடம்புக்குள் ஓர் ஏற்பாடு இருக்கின்றது. எண்டோசல்பான் போய் அந்த வழியை அடைத்துவிடுகின்றது. அடக்க ஆளில்லாத நரம்பு ஓயாமல் துடிக்கின்றது. பூச்சி நடுங்கிச் செத்துப்போகும். மீன் நிலைதவறித் தாறுமாறாக நீந்தும். மாட்டுக்கும் மனிதனுக்கும் வலிப்பு வரும். பூச்சிக்கு ஒரு நரம்பு, மனிதனுக்கு ஒரு நரம்பு என்று விஷம் ஜாதி பார்ப்பதில்லை.

வளர்கிற உடம்பு இன்னும் மோசமாகக் கெடுகின்றது. ஆண் எலிக்குட்டிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததில் விந்தணுக்கள் குறைந்தன. மனிதனிடம் எப்படி என்று பார்க்க, அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிலையத்தார் தெளிப்புக்கு ஆளான ஊர்ப் பள்ளிப் பையன்கள் 117 பேரையும், தெளிப்பில்லாத ஊர்ப் பையன்கள் 90 பேரையும் பரிசோதித்தார்கள். முதல் ஊர்ப் பையன்களுக்குப் பருவமடைவது பிந்தியிருந்தது. ரத்தத்தில் விஷமும் அதிகம் இருந்தது. 2003-இல் இது அச்சாகி வந்தது. தொடர்பு நிரூபணமாகவில்லை என்று எழுதிவைத்த கமிட்டிகளும் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு ஆராய்வதா, தெளித்துக்கொண்டே ஆராய்வதா? சோற்றில் பல்லி விழுந்ததோ என்று சந்தேகம் வந்தால் நம் வீட்டு அம்மாள் என்ன செய்கிறார்கள்?

விமோசனம் எந்தச் சன்னிதியிலிருந்தும் வரவில்லை. விவசாய இலாகாவில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா என்னும் ஒரு பெண்மணி 1998-இல் கோர்ட்டுக்குப் போனார். 2000-இல் ஆகாயத் தெளிப்பு நின்றது. 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் இந்த விஷத்துக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி கேரள அரசாங்கத்துக்கு உத்தரவும் போட்டது.

மூன்று மாதம் போய் ஐந்து வருஷம் ஆயிற்று. 2022-இல் அதே கோர்ட்டு கணக்குக் கேட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 3,704 பேர். பணம் வாங்கியிருந்தவர்கள் 8 பேர்.